நானூறு நீலக் காப்பு

செப்டம்பர் 3, செவ்வாய்

அபர்ணா மேடத்துக்கு இன்று போனில் ஒரே சந்தோஷம். சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் கடல் பாதுகாப்புக்காக மூன்று நாள் கூட்டமாம். வருகிற ஒவ்வொருவர் கையிலும் நம்முடைய கைக்காப்பு இருக்க வேண்டுமாம். நானூறு காப்பு. பதினேழாம் தேதி பார்சல் போயாக வேண்டும். சரி மேடம், சரி மேடம் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில்தான் குண்டைப் போட்டார். "ஜெனோவா, நீலம் மட்டும்தான். பச்சை வேண்டாம்னு தெளிவா சொல்லிட்டாங்க."

கன்னிமேட்டுக் கரையில் ஒதுங்குகிற வலையெல்லாம் பச்சை. இல்லாவிட்டால் நரைத்த வெள்ளை. நீலத்துக்கு நான் எங்கே போவேன்? கடல் நீலமாக இருக்கிறது என்று எந்தப் புண்ணியவான் அவர்களுக்குச் சொன்னானோ.

மேடம் நடத்துகிற அமைப்பில் நாங்கள் ஆறு பெண்கள். பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில், அறுந்து கடலில் கிடந்த வலையையும் கரையில் எறிந்த வலையையும் கழுவி, வெட்டி, பின்னி, காப்பு, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடிக் கயிறு, பைக்குப் பிடி என்று செய்கிறோம். ஒவ்வொரு காப்பிலும் வலையின் முடிச்சு ஒன்றைப் பிரிக்காமல் நடுவில் விட வேண்டும். வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறதாம். விற்கிற காசில் ஒரு பங்கு ஆமை காப்பாற்றவும் கடல் குப்பை அள்ளவும் போகிறது. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. கத்தரிக்கோலைத்தான் குறை சொல்கிறேன். எல்லாம் வலக்கைக்காரிக்குச் செய்தது. நான் இடக்கை. மூன்று வருடமாகக் கேட்கிறேன், இன்னும் வந்தபாடில்லை.

தினமும் என்ன வேலை நடந்தது என்று எழுத மேடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார். அது வேறு. இது எனக்கு.

செப்டம்பர் 5, வியாழன்

மந்திரம் அண்ணாச்சி மூன்று சக்கர வண்டி நிறைய வலை கொண்டுவந்தார். எல்லாம் பச்சை. அவருக்கு நம் ஊர் இல்லை, கடல் தொழிலும் தெரியாது. உள்நாட்டிலிருந்து வந்து பழைய இரும்பு எடுத்துக்கொண்டிருந்தவரை நான்தான் வலை எடுக்கப் பழக்கினேன். பக்கத்து ஊர்க் கரைகளில்கூடத் தேடிவிட்டாராம்.

"நீலம் கண்ணுலயே படலம்மா. எங்கயாச்சும் கெடந்தாச் சொல்லுங்க, ஓடியாந்து எடுக்கேன்" என்றார்.

எங்கே கிடக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்.

செப்டம்பர் 7, சனி

வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணாச்சியோடு கரைக்குப் போனேன். வலைக் கொட்டகையில் தெற்கு மூலையில் தார்ப்பாய் போட்டு ஒரு குவியல். அண்ணாச்சி பாயைத் தூக்கினார். நீலம். தடித்த நூல், ஒரு பிசிறு கிடையாது.

நான் வாசலோடு நின்றுவிட்டேன். உள்ளே ஒரே இருட்டு, எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"யம்மா, இது யாரோடதும் இல்லியே? நல்ல வலை மாதிரிலா இருக்கு."

"ரெண்டு வருசமா கேப்பாரத்துக் கெடக்கு. எடுத்துப் போடும்."

"நீங்க சொன்னாச் சரி."

ஒரு வலையை வருடம் முழுக்கக் கடலில் இறக்க மாட்டார்கள். சாளைக்கு ஒன்று, நண்டுக்கு ஒன்று, திருக்கைக்கு ஒன்று. பருவம் முடிந்தால் சுருட்டிக் கொட்டகையில் போடுவதுதான் வழக்கம். ஆனால் இரண்டு பருவம் யாரும் தொடாத வலையை என்னவென்று சொல்வது? நீல வலை ஊரில் ஒருவனிடம்தானா இருக்கும்?

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை. கால் வலி.

செப்டம்பர் 9, திங்கள்

கழுவப் போட்டோம். எங்கள் ஆறு பேரில் பிரகாசிக்கு வாய் சும்மா இருக்காது. "யக்கா, செத்த வலைக்கு இம்புட்டுத் தெம்பா? கத்திரி மழுங்கிப் போச்சி. இத இன்னும் பத்து வருசம் கடல்ல போடலாம்" என்றாள். வாயை மூடிக்கொண்டு வெட்டச் சொன்னேன். அவள் ஒரு நுனியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கு என்று மாற்றிக் கொடுத்தேன்.

"ஏன்க்கா? ரெண்டும் ஒண்ணுதான?"

ஒன்றுதான். சும்மாதான் சொன்னேன்.

செப்டம்பர் 11, புதன்

காப்போடு வைக்கிற அட்டையில் அந்த வலையின் கதையை நாலு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேடம். அவர்களே அச்சடித்து வைத்துக்கொள்வார்களாம். எழுதி அனுப்பிவிட்டேன்: 'கன்னிமேடு கடலடியில் கைவிடப்பட்டுக் கிடந்த வலை. ஆமைகளும் மீன்களும் இதில் சிக்கி மடிந்தன. இன்று இது உங்கள் கையில் அழகாக இருக்கிறது.'

மேடம் பதிலுக்குப் போனில் கைதட்டும் பொம்மை ஆறு அனுப்பினார்.

செப்டம்பர் 12, வியாழன்

நூற்று அறுபது முடிந்தது. தூக்குச்சட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துவந்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பார்சல் போய்விட்டது. நானூறும், மேடம் கேட்ட முப்பது அதிகப்படியும். வலையில் சரியாகப் பாதிதான் செலவானது. மிச்சத்தைச் சாவிக்கொத்துக்கு வெட்டலாமா என்று பிரகாசி கேட்டாள். வேண்டாம் என்று சாக்கில் கட்டி என் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். கால் நீட்டும்போதெல்லாம் இடிக்கிறது.

செப்டம்பர் 20, வெள்ளி

தண்ணீர்க் குழாயில் மைனியை, அண்ணன் மனைவியைப் பார்த்தேன். அண்ணன் இரண்டு வருடமாகக் கொல்லத்தில். அவனோடு நான் பேசி நாலு வருடமாகிறது, ஆனால் மைனி பேசுவாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கொல்லத்து வேல போதும்னுட்டாவ. செவ்வாக்கெழம வாராவ. வாடக் காத்து தொடங்கவும் திருக்கைக்குப் போவணுமாம். நீல வலை இருக்கு, பெறவு எனக்கென்னன்னு ஒரே பேச்சு. கொல்லத்துல வேற ஆளு படகுல கெடந்து மெலிஞ்சே போயிட்டாவளாம்."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 21, சனி

அவன் திரும்பி வருவான் என்று யார் கண்டார்கள்? ஊரில் எல்லாரும் வரமாட்டான் என்றுதானே சொன்னார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலை பஸ்ஸில் அண்ணன் வந்தான். வீட்டுக்குப் போகுமுன்னே கொட்டகைக்குப் போயிருக்கிறான். அவன் போட்ட சத்தம் ஐஸ் கம்பெனி வரைக்கும் கேட்டது. நாங்கள் ஆறு பேரும் தலையைத் தூக்காமல் பின்னிக்கொண்டிருந்தோம். பிரகாசி மட்டும் என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 25, புதன்

மந்திரம் அண்ணாச்சியைப் பிடித்துவிட்டார்கள். வலை எடுக்க வந்தவரைக் கரையிலேயே நாலு பேர் மறித்து, வண்டியைப் பிடுங்கி, ஊர்க் கமிட்டிக் கூடத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம். திருடன் என்று தீர்ந்துவிட்டால் இந்தக் கரையில் மட்டுமல்ல, எந்தக் கரையிலும் அவரைக் கால் வைக்க விடமாட்டார்கள். அவர் வீட்டில் மூன்று பேர் அந்த வண்டியை நம்பி இருக்கிறார்கள்.

"யாரு எடுக்கச் சொன்னா?" என்று கேட்டிருக்கிறார்கள். "தெரியாம எடுத்துட்டேன்" என்றாராம்.

ஏன் அப்படிச் சொன்னார்? என் பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கு அவர் மேல்தான் கோபம் வருகிறது.

செப்டம்பர் 26, வியாழன்

அண்ணாச்சி நடந்தே வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை.

"என்ன அண்ணாச்சி, எம் பேரச் சொல்ல வேண்டியதான?"

"நாஞ் சொன்னா நம்புவாங்களாம்மா? வெளியூர்க்காரன், மாட்டுனதும் பொம்பளய இழுக்கான்னுதான் சொல்லுவாங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "நீங்க சொன்னா நம்புவாங்க."

அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார். டீ குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

செப்டம்பர் 27, வெள்ளி

சொல்லலாம் என்று கிளம்பினேன். ஊர்த் தலைவர் வீட்டு முக்கு வரை போனேன். மேடம் நாளைக்கு வருகிறார் என்று ஞாபகம் வந்தது. அறையைப் பெருக்க வேண்டும், சாமான்களை அடுக்க வேண்டும். திரும்பிவிட்டேன். பெருக்கினேன். பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினேன்.

செப்டம்பர் 28, சனி

மேடம் ஜீப்பில் வந்தார். ஓட்டலில் ஒரே பாராட்டாம். அட்டையில் எழுதிய கதையை மேடமே மேடையில் வாசித்தாராம், ஒரு அம்மாள் அழுதேவிட்டாராம். அந்த முப்பது காப்பையும் கரைக்கு எடுத்துக்கொண்டு போய், "கடலைக் காப்பாத்துறது நீங்கதான்" என்று ஆளுக்கு ஒன்று கொடுக்க ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் மேடம், வேண்டாம் மேடம் என்று பின்னாலேயே ஓடினேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

அண்ணன் வள்ளத்தில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் கையிலும் ஒன்றைக் கொடுத்தார். எல்லாரும் அப்படியே கையில் மாட்டிக்கொண்டார்கள். அவன் மாட்டவில்லை. நடுவிலிருந்த முடிச்சைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு என்னைப் பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்கு இந்த மாதிரிச் சாமானெல்லாம் பிடிக்காது.

செப்டம்பர் 29, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பதினேழு வயதில் அப்பா நீல நூல் வாங்கி வந்தார். ஊரில் அதற்கு முன் நீல வலை யாரும் போட்டதில்லை, பிறகும் இல்லை. நாலு மாதம், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், முற்றத்தில் இந்த முனையில் நான், அந்த முனையில் அண்ணன். நடுவில் வந்து சேர்த்தோம். இடக்கையால் போடுகிற என் முடிச்சு இடப்பக்கம் சாயும், அவனுடையது வலப்பக்கம். "ஒம் பாதில மீனு வழுக்கிப் போயிரும்டி" என்று அவன் கேலி செய்வான். அப்பா இறந்து பங்கு பேசும்போது, வள்ளமும் வலையும் ஆண்பிள்ளைக்கு என்று கமிட்டி சொன்னது. அதை நான் கேட்கவே இல்லை. வள்ளத்தை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? ஆனால் அண்ணன் எல்லார் முன்னும், "நீல வலை நான் பின்னுனது" என்றான். 'நாங்க' இல்லை, 'நான்'. ஒரே வார்த்தை. நான் அங்கேதான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். அன்றைக்கு நின்ற பேச்சு.

கொட்டகையில் இருட்டெல்லாம் இல்லை. தார்ப்பாயைத் தூக்கியதுமே தெரிந்தது. பிரகாசியிடம் பக்கத்தை மாற்றிக் கொடுத்தேனே, அவனுடைய பாதி வெட்டுப்படட்டும் என்றுதான். என்னுடையதை வெட்ட எனக்குக் கை வரவில்லை.

இன்று கூட்டம். கமிட்டிக் கூடத்துக்குள் பெண்கள் போகிற வழக்கமில்லை. ஜன்னலோரம் நின்று கேட்கலாம். அண்ணாச்சி நடுவில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "இனி இந்தக் கரையில" என்று தலைவர் ஆரம்பித்தார். நான் சாக்கை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கனத்த சாக்கு, வாசற்படியில் மாட்டிக்கொண்டது. ஒரு ஆள்கூட எழுந்து தூக்கிவிடவில்லை.

"அண்ணாச்சி திருடல. நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

தலைவர் நல்ல மனுஷர். எனக்கு வழி விட்டுப் பார்த்தார். "அறியாமத்தானம்மா சொன்ன? பழசுன்னு நெனச்சிருப்ப."

ஆமாம் என்றால் போதும். அண்ணாச்சியும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். வேலையும் மிஞ்சும், பெயரும் மிஞ்சும்.

"இல்ல. அண்ணன் வலைன்னு தெரிஞ்சிதான் சொன்னேன்."

சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். அண்ணன் எழுந்து வந்து குனிந்தான். வலையின் இரண்டு கண்ணை விரித்துப் பிடித்து முடிச்சைப் பார்த்தான். இன்னொரு இடத்தில் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இது அவ பின்னுன பாதி" என்றான். கூடத்துக்கே கேட்கும்படி. "நான் பின்னுன பாதியத்தான் வெட்டிருக்கா. பாதகத்தி."

'அவ பின்னுன பாதி.' நாலு வருடமாக நான் கேட்க ஏங்கிய சொல். அதை இந்த மாதிரி ஒரு நாளிலா கேட்க வேண்டும்? நான் அழுதேன். வெட்கத்தில் அழுதேனா, வேறு எதிலா என்று எனக்கே தெரியவில்லை.

தீர்ப்பு: வாடை தொடங்குவதற்குள் பாதி வலையை நானே பின்னிக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி வண்டியை உடனே விட வேண்டும். எல்லார் முன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "இருக்கட்டும்மா" என்றார். முகம் இருக்கட்டும் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

தூத்துக்குடியில் ஏழு கடை ஏறி இறங்கினேன். நீல நூல் இல்லை. பச்சைதான். நீலம்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். கடைசியில் பச்சையையே வாங்கி வந்தேன். நானூறு காப்பு கேட்டவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அக்டோபர் 3, வியாழன்

காலையிலிருந்து இருட்டும் வரை பின்னுகிறேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. பிரகாசி மத்தியானம் வந்து ஊசியில் நூல் சுற்றிக் கொடுக்கிறாள். "வெட்ட மூணு நாளு, பின்ன எத்தன நாளு" என்கிறாள். அவளை அடிக்கக் கையில் தெம்பில்லை.

அக்டோபர் 5, சனி

நேற்று மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தக் கதையை மேடையில் வாசிச்சது நான், ஜெனோவா" என்றார். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இன்று காலை கூப்பிட்டார். வேலையை விட வேண்டாமாம். நானூறு பேருக்கும் உண்மையை எழுதி அனுப்பப் போகிறாராம். எழுத வேண்டியது நான்தானாம். ஆமை மடிந்த கதையை ஒரு மூச்சில் எழுதிய எனக்கு, இதற்கு நாலு தாள் கிழிந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

மந்திரம் அண்ணாச்சி வண்டியோடு வந்தார். இரண்டு மூட்டை பச்சை வலை. இறக்கும் முன்னே ஒரு தாளை நீட்டினார். வலைக்காரன் பெயர், எந்தக் கரை, 'எனக்கு வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்து.

"இனிமே இது இல்லாம எடுக்க மாட்டேன். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். சரியாக இருக்கிறதா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீ கொடுத்தேன். நின்றுகொண்டேதான் குடித்தார்.

அக்டோபர் 14, திங்கள்

முடிந்தது. சனிக்கிழமையே காற்று திரும்பிவிட்டதால் நேற்று பூசைக்குக்கூடப் போகாமல் பின்னினேன். கடைசி வரிசையை என் நீலப் பாதியோடு கோத்துச் சேர்த்தேன். பாதி நீலம், பாதி புதுப் பச்சை, பார்க்க அசிங்கமாக இருந்தது. பிரகாசியும் நானும் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனோம்.

அண்ணன் மணலில் விரித்து ஒவ்வொரு கண்ணாக இழுத்துப் பார்த்தான். ஒரு மணி நேரம் பார்த்திருப்பான். பிரகாசி போய்விட்டாள். நான் வெயிலில் நின்றேன்.

"எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சி நிக்கி" என்றான். நாலு வருடத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"எனக்கு இந்தக் கைதான."

"மீனு பூராம் வழுக்கிப் போவும்."

நான் குனிந்து, சுருண்டு கிடந்த ஓரத்தை விரித்துவிட்டேன்.

நீலமும் பச்சையும் சேருகிற இடத்தில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் கைவிட்டான். அந்தக் காப்பு. பல்லால் கடித்துப் பின்னலைப் பிரித்தான். நாங்கள் உருக்கி ஒட்டிய நுனி லேசில் விடவில்லை, "என்னத்தடி ஒட்டி வச்சிருக்க" என்று திட்டினான். உள்ளே இருந்த முடிச்சை மட்டும் அவிழ்க்காமல், இரண்டு பக்கத்து நூலையும் நீவி விட்டு, சேருகிற அந்த இடத்தில் வைத்துக் கட்டினான்.

"எம் பாதில மிச்சம் இதுதான்" என்றான். "ஏட்டி, அந்தப் பக்கம் பிடி. வள்ளத்துல ஏத்தணும்."

பிடித்தேன். ஏற்றும்போது அந்த இடம் என் பக்கமாக வந்தது. அத்தனை முடிச்சுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.